வட்டிக்கு லீவு கிடையாது!

தலைப்பு: சாமானியரின் அடுக்குமாடிக் கனவைத் தள்ளிப் போடுவது நிலத்தின் விலையா? பணத்தின் விலையா?
அணி: 'பணத்தின் விலையே!'

நடுவர் அவர்களே, நிலம் நிலம் என்று நிலமே அதிரப் பேசிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, என் அணித் தோழர்களே, அரங்கம் நிறைந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, 'இவங்களாவது நமக்கு ஒரு வீட்டுக்கு வழி சொல்வாங்களா' என்று வீட்டிலே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அன்புள்ளங்களே!

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று நம் பெரியவங்க ரெண்டையும் ஒரே தட்டிலே வச்சாங்க. ஆனால் நடுவர் அவர்களே, கல்யாணத்துக்கு மண்டபம் ஒரு நாள் வாடகை. வீட்டுக் கடன் 20 வருஷம். கல்யாணத்திலே மூணு முடிச்சு. வீட்டுக் கடனிலே மாசம் ஒரு முடிச்சாக 240 முடிச்சு! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் மிக அழகாகப் பேசினார். 'ஒரு கிரவுண்டு என்ன விலை தெரியுமா? நிலம் விக்கிற விலையிலே சாமானியன் எப்படி வீடு வாங்குவான்?' என்று கேட்டார். நிலத்தின் விலை ஏறியதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் வெளியே போகும்போது மக்களே என்னைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன். நிலத்தின் விலை கண்ணுக்குத் தெரிகிற விலை. பணத்தின் விலை கண்ணுக்குத் தெரியாத விலை. வட்டியும் காலமும் சேர்ந்ததுதான் பணத்தின் விலை. தெரிகிற பாம்பை விடத் தெரியாத பாம்புதான் ஆபத்து!

வாய்ப்பந்தல் வேண்டாம், கணக்கே போட்டுவிடலாம். தாய்மார்கள் பால் கணக்குப் போடுகிற மாதிரி என்னோடு கூடவே போட்டுக்கொண்டு வாருங்கள்.

சிறு வருமானக் குடும்பங்களுக்காக 40 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடி கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நிலம் 4 கோடி. செங்கல், சிமென்ட், கம்பி, கூலி எல்லாம் சேர்த்து 6 கோடி. மொத்தம் 10 கோடி. 40 வீட்டுக்குப் பங்கு போட்டால் ஒரு வீடு 25 லட்சம். இதிலே நிலத்தின் பங்கு 10 லட்சம், கட்டுமானத்தின் பங்கு 15 லட்சம். பில்டர் லாபம், வரி, பத்திரச் செலவு எதையும் நான் இதிலே சேர்க்கவில்லை. எதிரணியினர் கோபப்படக் கூடாது என்பதற்காக விட்டுவிட்டேன்.

இப்போது அந்த 4 கோடி எங்கேயிருந்து வந்தது? பில்டர் வங்கிக்குப் போய், 'சார், நிலம் வாங்கணும், கடன் குடுங்க' என்றால் கொடுக்க மாட்டார்கள். கட்டடம் கட்ட வங்கி கடன் கொடுக்கலாம். ஆனால் தனியார் பில்டர் நிலம் வாங்க வங்கி பணம் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி வகுத்த விதி. வங்கிப் பணம் நிலத்திலே விளையாடினால் நிலத்தின் விலையும் ஏறும், மக்கள் டெபாசிட்டுக்கும் ஆபத்து என்ற நல்ல எண்ணத்திலே போட்ட விதி அது. அதன் பலன் என்ன? கையிலே சொந்தப் பணம் இல்லாத பில்டர் வெளியே ஃபைனான்சில் வாங்குகிறார். அந்த வட்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

நிலம் வாங்கிய அன்றைக்கே வீடு கட்டிவிட முடியுமா? பத்திரம், வில்லங்கம், பிளான் அனுமதி, தண்ணீர், தீயணைப்பு என்று ஒரு வருஷம். கட்ட ரெண்டு வருஷம். ஆக மொத்தம் மூணு வருஷம். 4 கோடிக்கு 18 சதவீத வட்டி, மூணு வருஷத்துக்கு எவ்வளவு? 2 கோடியே 16 லட்சம்! ஒரு வீட்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். தனிவட்டிதான் போட்டிருக்கிறேன். கூட்டு வட்டி போட்டால் ஏறும், இடையிலே முன்பதிவுப் பணம் வந்து கடனை அடைத்தால் இறங்கும். எப்படியானாலும் 25 லட்ச ரூபாய் வீடு, ஒரு செங்கல்லும் கூடாமல், ஒரு மூட்டை சிமென்டும் கூடாமல், 30 லட்சத்து 40 ஆயிரம் ஆகிவிட்டது. இந்த 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கு வீட்டிலே ஒரு ஜன்னல் உண்டா? ஒரு அலமாரி உண்டா? ஒன்றும் கிடையாது. அது சும்மா காத்திருந்ததற்குக் கொடுத்த கூலி! (கைதட்டல்)

இன்னும் ஒன்று பாருங்கள். 4 கோடிக்கு 18 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 ஆயிரம் ரூபாய் வட்டி. ஃபைல் மேஜையிலே தூங்கினால் 20 ஆயிரம். மணல் லாரி வரவில்லை என்றால் 20 ஆயிரம். மழை பெய்து கொத்தனார் வரவில்லை என்றால் 20 ஆயிரம். பொங்கலுக்கு மேஸ்திரி லீவு, சித்தாள் லீவு, ஆபீசர் லீவு. வட்டிக்கு மட்டும் லீவே கிடையாது!

நடுவர்: நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா நிலம் 4 கோடியா இருக்கிறதாலதானே அதுக்கு இவ்வளவு வட்டி? நிலம் ரெண்டு கோடியா இருந்தா வட்டியும் பாதியாயிடுமேன்னு எதிரணி கேப்பாங்களே?

கேட்பார்கள் நடுவர் அவர்களே, நியாயமான கேள்விதான். ஆனால் நிலத்தின் விலையைப் பாதியாக்க யாரால் முடியும்? நிலம் பெருகாது, குடும்பம் பெருகுகிறது. விலை இறங்கும் என்று காத்திருந்தவன் இலவு காத்த கிளிதான். அதனாலேயே நம் சென்னைக்காரன் ஒரு வழி கண்டுபிடித்தான். அதற்குப் பேர் ஜாயின்ட் வென்ச்சர். நிலத்துக்காரர் நிலத்தைக் கொடுக்கிறார், பில்டர் பணத்தைப் போட்டுக் கட்டுகிறார், வீடுகளை ஆளுக்கு இத்தனை என்று பிரித்துக்கொள்கிறார்கள். இதிலே நிலத்தின் விலை காணாமல் போய்விடவில்லை. நிலத்துக்காரர் தன் பங்கை வீடாக வாங்கிக்கொள்கிறார். ஆனால் அந்த விலையின் மேலே மாதா மாதம் வட்டி ஓடுவது நின்றுவிட்டது பாருங்கள்! நிலம் இல்லாதவனுக்கு நிலம் தருகிற கூட்டாளி கிடைக்கிறான். வட்டி இல்லாமல் பணம் தருகிற கூட்டாளி கிடைக்கிறானா? மாமனார்கூடக் கேட்டுக்கிட்டுத்தான் கொடுக்கிறாரு! (சிரிப்பு)

இதுவரை சொன்னது பில்டர் வாங்கிய பணத்தின் விலை. இனி நாம் வாங்குகிற பணத்தின் விலைக்கு வருவோம். அந்த 30 லட்சத்து 40 ஆயிரத்திலே, நகையை வைத்து, சீட்டை எடுத்து, பி.எஃப். பணத்தைத் துடைத்து 6 லட்சத்து 40 ஆயிரம் சேர்த்துவிட்டோம். மீதி 24 லட்சம் வங்கிக் கடன். 9 சதவீத வட்டி, 20 வருஷம். மாதத் தவணை ஏறக்குறைய 21,600 ரூபாய். 240 மாதமும் கட்டி முடித்தால் மொத்தம் 51 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேலே. அதாவது வட்டி மட்டும் ஏறக்குறைய 27 லட்சத்து 80 ஆயிரம்.

இப்போது கூட்டுங்கள். பில்டர் கட்டி நம் தலையிலே ஏற்றிய வட்டி 5 லட்சத்து 40 ஆயிரம். நாம் கட்டுகிற வட்டி 27 லட்சத்து 80 ஆயிரம். மொத்தம் 33 லட்சத்து 20 ஆயிரம். ஒரே வீட்டிலே நிலத்துக்குப் போனது 10 லட்சம். கட்டடத்துக்குப் போனது 15 லட்சம். பணத்துக்குப் போனது 33 லட்சம்! எதிரணி நண்பர்களே, நீங்கள் திட்ட வேண்டிய ஆளைத் திட்டாமல் நிலத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். (பலத்த கைதட்டல்)

'20 வருஷம் கழித்துக் கொடுக்கிற ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றா? சம்பளமும் ஏறுமே?' என்று எதிரணிச் சகோதரி தலையை ஆட்டுகிறார்கள். உண்மைதான் அம்மா, ஒன்றில்லை. கடைசி வருஷத் தவணை கடுகாகத் தெரியலாம். ஆனால் முதல் ஐந்து வருஷத் தவணை மலையாச்சே! பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவதும், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் பண்ணுவதும், தங்கச்சி கல்யாணமும் அந்த ஐந்து வருஷத்திலேதானே வருகிறது? வங்கி மேனேஜரும் இன்றைய சம்பளத்தைப் பார்த்துத்தானே கடன் கொடுக்கிறார்? '10 வருஷம் கழிச்சு நல்லா சம்பாதிப்பேன் சார்' என்றால், '10 வருஷம் கழிச்சு வாங்க' என்பார்.

அதிலும் சம்பளச் சீட்டு இருப்பவனுக்காவது வங்கியிலே நாற்காலி கிடைக்கிறது. பூக்கட்டும் அம்மா தினமும் சம்பாதிக்கிறாள். ஆட்டோ ஓட்டும் அண்ணன் சம்பாதிக்கிறார். இட்லிக் கடை அக்கா மூணு பேருக்குச் சம்பளமே கொடுக்கிறாள். ஆனால் காகிதம் இல்லை. காகிதம் இல்லாதவனுக்கு வங்கி தயங்குகிறது. அவன் வேறு நிறுவனத்துக்குப் போனால் வட்டி கூடுகிறது. நிலம் யாருக்கும் பேதம் பார்க்காது. பணக்காரன் வாங்கினாலும் அதே விலை, ஏழை வாங்கினாலும் அதே விலை. பணம் இருக்கிறதே, அது ஆளைப் பார்த்து விலை சொல்லும். இருப்பவனுக்கு மலிவு, இல்லாதவனுக்கு அதிகம். இது எந்த ஊர் நியாயம் நடுவர் அவர்களே?

எங்கள் தெருவிலே ஒரு குடும்பம். கணவர் அம்பத்தூர்ப் பக்கம் லேத் பட்டறையிலே வேலை. மனைவி வீட்டிலே தையல். 2014-இல் ஓர் அடுக்குமாடியில் வீடு பதிவு செய்தார்கள். 20 லட்சம் கடன் அனுமதி ஆனது. அடித்தளம் போட்டதும் கொஞ்சம், முதல் தளம் போட்டதும் கொஞ்சம் என்று வங்கி 15 லட்சம் கொடுத்துவிட்டது. மூணாவது தளத்தோடு வேலை நின்றது. நிலம் இருக்கிறது. அனுமதி இருக்கிறது. தூண் இருக்கிறது. வாங்கின ஆளும் இருக்கிறார். என்ன இல்லை? பணம் இல்லை! இவர்கள் கொடுத்த பணத்தை அந்த பில்டர் வேறு ஊரிலே அடுத்த நிலத்துக்கு முன்பணமாகப் போட்டுவிட்டார்.

இவர்களுக்கோ 15 லட்சத்துக்கு 10 சதவீதம் என்று மாதம் 12,500 ரூபாய் வட்டி. அசலிலே ஒரு ரூபாய்கூடக் குறையாது, வெறும் வட்டி. அதோடு குடியிருக்கும் வீட்டுக்கு 7,000 வாடகை. ரெண்டும் சேர்ந்து மாதம் 19,500. 'கடன் வாங்கியும் பட்டினி, கல்யாணம் ஆகியும் சந்நியாசி' என்று பழமொழி சொல்வார்களே, அது மாதிரி, கடன் வாங்கியும் வாடகை வீடு! அந்தத் தங்கச்சி ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: 'அண்ணே, பையன் கேக்குறான், நம்ம வீடு எப்போம்மா முடியும்னு. அடுத்த தீபாவளிக்குன்னு சொல்றேன். மூணு தீபாவளி ஆயிடுச்சுண்ணே. இப்ப அவன் கேக்குறதையே விட்டுட்டான்.' (அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, பிள்ளை கேட்பதை நிறுத்திவிட்டான் பாருங்கள், அந்த மௌனத்துக்கு எத்தனை சதவீத வட்டி போடுவது?

இது ஏதோ ஒரு குடும்பத்தின் கதை என்று நினைக்காதீர்கள். 2018 செப்டம்பரில் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் தடுமாறியபோது, பில்டர்களுக்குக் கடன் கொடுத்து வந்த நிதி நிறுவனங்கள் பல கையை இறுக்கிக்கொண்டன. பாதியிலே இருந்த கட்டடங்கள் பாதியிலேயே நின்றன. 2019 நவம்பரில் மத்திய அரசு, நின்றுபோன வீடுகளைக் கட்டி முடிக்கவே 25,000 கோடி ரூபாய் இலக்கோடு ஒரு நிதியை அறிவித்தது. அதன் சுருக்கப் பெயர் என்ன தெரியுமா? 'ஸ்வாமி'! கடைசியிலே சுவாமிதான் வந்து காப்பாற்ற வேண்டியிருந்தது! (சிரிப்பு, கைதட்டல்)

2025 பட்ஜெட் உரையில், அந்த நிதியால் 50 ஆயிரம் வீடுகள் முடிக்கப்பட்டுச் சாவி கொடுக்கப்பட்டதாக நிதியமைச்சர் சொன்னார். ஒரு பக்கம் தவணை, ஒரு பக்கம் வாடகை என்று தவித்த நடுத்தரக் குடும்பங்களைப் பற்றி அந்த உரையிலேயே பேச்சு வந்தது. இன்னும் ஒரு லட்சம் வீடுகளை முடிக்க 15,000 கோடியில் இரண்டாவது நிதியும் அறிவித்தார். நான் கேட்கிறேன், அந்த 50 ஆயிரம் வீட்டுக்கும் சுவாமி நிலமா கொடுத்தார்? நிலம் ஏற்கெனவே இருந்தது. பணத்தைக் கொடுத்தார், வீடு எழுந்தது. இதை விட என் அணிக்கு என்ன சாட்சி வேண்டும்?

சரி, நிலமே இலவசமாக இருந்தால்? அதையும் பார்த்துவிடுவோம். 1970-இல் தொடங்கிய நம் குடிசை மாற்று வாரியம், 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அரசு நிலத்திலே அடுக்குமாடி கட்டுகிறது. 2015-இல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், இப்படிக் கூட்டாகக் கட்டும் ஏழைகள் வீட்டுக்கு மத்திய அரசு ஒன்றரை லட்சம் கொடுத்தது. மாநில அரசும் பணம் போடுகிறது. அப்படியும் மீதி ஒரு தொகை பயனாளியின் பங்கு என்று வந்து நிற்கிறது. அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்துக்கு அந்தப் பங்குத் தொகைதான் இமயமலை. நிலத்துக்கு விலை இல்லை, கட்டடத்துக்கு மானியம் உண்டு. ஆனாலும் அந்த அம்மா கந்துக்காரனிடம் போகிறாள் என்றால், அங்கே குறுக்கே நிற்பது நிலமா, பணமா?

அரசாங்கத்துக்கும் இது தெரியும். அதனால்தான் 2015 திட்டத்திலே குறைந்த வருமானக்காரர்களுக்கு முதல் 6 லட்சம் கடனுக்கு ஆறரை சதவீத வட்டி மானியம் கொடுத்தார்கள். 2024-இல் வந்த இரண்டாம் திட்டத்திலே, 35 லட்சத்துக்குள் விலையுள்ள வீட்டுக்கு வாங்கும் கடனில், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம் வைத்தார்கள். நோய் நிலத்திலே மட்டும் இருந்தால் மருந்தை வட்டியிலே எதற்குத் தடவுகிறார்கள்?

கடைசியாக, 'சரி, பணத்தின் விலையை எப்படிக் குறைப்பது?' என்று கேட்பீர்கள். மூன்று வழி சொல்கிறேன்.

ஒன்று, பணத்துக்குக் காவல். 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 மே மாதம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட வேண்டும். என்ஜினீயர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்று கொடுத்தால்தான், வேலை நடந்த அளவுக்கு எடுக்க முடியும். அந்த வீட்டுப் பணம் அந்த வீட்டுக்கே. ஒப்பந்தம் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. தாமதித்தால் வட்டி கொடுக்க வேண்டும். தாய்மார்களே, புடவை வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். வீடு வாங்குமுன் அந்தத் திட்டத்துக்குப் பதிவு எண் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். கட்டடம் எழும்பும் அளவுக்குத்தான் வங்கி கடனை விடுவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லியிருக்கிறது. 'மொத்தப் பணத்தையும் இப்பவே எடுத்துக் குடுங்க, தவணையை நாங்க கட்டுறோம்' என்று யாராவது இனிக்கப் பேசினால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ரெண்டு, பணத்துக்கு வேகம். அனுமதியிலே ஒரு வருஷத்தை மிச்சம் பிடித்தால், நம் கணக்கிலே ஒரு வீட்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் மிச்சம். அரசாங்கத்துக்கு ஒரு பைசா செலவில்லாத மானியம் அது!

மூணு, பணத்துக்கு நியாய வட்டி. மலிவு வீடு கட்டுகிறவனுக்கு 18 சதவீதத்துக்குப் பதில் 9 சதவீதத்தில் பணம் கிடைத்து, மூணு வருஷ வேலை ரெண்டு வருஷத்திலே முடிந்தால், வீட்டு விலை 30 லட்சத்து 40 ஆயிரத்திலிருந்து 26 லட்சத்து 80 ஆயிரமாக இறங்குகிறது. நம் கடன் 20 லட்சத்து 40 ஆயிரம் போதும். அதுவும் 7 சதவீதத்தில் கிடைத்தால், தவணை 21,600-இலிருந்து 15,800 ஆகிறது. 7 சதவீதம் நடக்காத காரியமா? 2021-இல் வங்கிகள் அதற்கும் கீழே கொடுத்தார்களே! மாதம் 5,800 ரூபாய் மிச்சம். கவனியுங்கள் எதிரணி நண்பர்களே, இந்தக் கணக்கிலே நிலத்தின் விலையில் நான் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. அதே 4 கோடிதான்! (கைதட்டல்)

நிலம் ஆண்டவன் அளந்து போட்டது. அதை நீட்ட நம்மால் முடியாது. வட்டியும் காலமும் மனுஷன் போட்டது. மனுஷன் போட்டதை மனுஷன் மாற்ற முடியும். மாற்ற முடியாததைப் பார்த்து அழுகிறது எதிரணி. மாற்றக் கூடியதை மாற்று என்கிறது எங்கள் அணி. ஆகவே நடுவர் அவர்களே, சாமானியரின் அடுக்குமாடிக் கனவைத் தள்ளிப் போடுவது நிலத்தின் விலையல்ல, பணத்தின் விலையே என்று தீர்ப்புக் கூறுங்கள். தீர்ப்பையாவது தாமதம் இல்லாமல் கூறுங்கள், அதற்கும் வட்டி ஓடிவிடப் போகிறது!

(சிரிப்பு, நீண்ட கைதட்டல்)